அவர் உங்களைப் பார்க்கவில்லை

பெரியவர்கள் வந்திருக்கிறீர்கள். தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறீர்கள். கல்லூரித் தம்பி தங்கைகள் பின்வரிசைகளை நிறைத்திருக்கிறீர்கள். இந்த அரங்கத்துக்குப் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில்தான் வந்திருப்பீர்கள். ஆகவே இன்றைய பேச்சு உங்கள் உயிரைப் பற்றியது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கிளப்பும்போது ஒவ்வொருவரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: அவர் உங்களைப் பார்க்கவில்லை. எதிரே வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர், உங்களைப் பார்க்கவில்லை. முன்னால் போகும் லாரி ஓட்டுநர், உங்களைப் பார்க்கவில்லை. சந்துக்குள்ளிருந்து சட்டென்று வரும் ஆட்டோ அண்ணன், உங்களைப் பார்க்கவில்லை. அப்படி நினைத்து ஓட்டுகிறவர் வீடு சேர்கிறார். ‘என்னைப் பார்த்திருப்பார், நிற்பார்’ என்று நம்பி ஓட்டுகிறவரின் உயிர் அடுத்தவர் கண்ணில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர்.

யார் இவர்கள்? வீலிங் செய்து, ரேஸ் விட்டு விழுந்த இளைஞர்கள் என்று நினைக்கிறோம். அவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் தெருவில் நடந்த சாவுகளை எண்ணிப் பாருங்கள். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனவர். ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து திரும்பியவர். பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போன தாத்தா. பக்கத்துக் கடைக்கு மாவு வாங்கப் போன அம்மா. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனவர்கள், நாள் தவறாமல் போகிற சாலையில் போனவர்கள்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தால், அவருடைய குழு சம்பவ இடத்துக்கே போய்விடும். டயர் தேய்த்த தடத்தை அளந்தார்கள். உடைந்த ஹெல்மெட்டை ஆராய்ந்தார்கள். ஓட்டியவரிடமும் மோதியவரிடமும் பேசினார்கள். இப்படி 900 விபத்துகள். அறிக்கை 1981-ல் வந்தது.

என்ன கண்டார்கள்? நான்கில் மூன்று விபத்துகள் வேறொரு வண்டியோடு மோதியவை. அவற்றில் அடிக்கடி நடந்தது, எதிரே வந்த கார் குறுக்கே திரும்பியது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே இடப்புறம் திரும்பும் கார் குறுக்கே வரும். நம் சாலையில் அது வலப்புறம் திரும்பும் வண்டி. விபத்துக்கு முன் மோட்டார் சைக்கிள்களின் வேகம், நடுவான கணக்கில், மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலான பயணங்கள் கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போன சின்னப் பயணங்கள். கிளம்பிய சற்று நேரத்திலேயே விபத்து. காரில் இருந்தவர் மோதிய பிறகு சொன்னது என்ன? ‘நான் பார்க்கவே இல்லை.’

ஏன் பார்க்கவில்லை? அவருக்குக் கண் தெரியாதா? நன்றாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் நிலையிலிருந்து பாருங்கள். காரின் முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறது. சற்றுத் தள்ளி வரும் மோட்டார் சைக்கிளை, ஓட்டுகிறவரோடு சேர்த்து, அந்தத் தூண் முழுதாக மறைத்துவிடும். இரண்டாவது, நேர் எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்கு நகர்வதாகவே தெரியாது. தூரத்தில் ஒரு புள்ளி. பிறகும் அதே புள்ளி. கிட்டத்தில் வந்த பிறகு திடீரென்று பெரிதாகிறது. பஸ் அகலமானது, முன்பே தெரிந்துவிடும். நீங்கள் ஒரு கை அகலம். மூன்றாவது, திரும்பக் காத்திருப்பவர் தனக்கு ஆபத்து தரக்கூடிய பெரிய வண்டி வருகிறதா என்றுதான் தேடுகிறார். உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்பதால் பார்த்துவிட்டார் என்று பொருள் இல்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? முகத்தைப் பார்க்காதீர்கள், அந்தக் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் திரும்பப் போகிறது என்றால் முதலில் அசைவது அந்தச் சக்கரம். குறுக்குச் சாலை வருகிறது, நெடுஞ்சாலை நடுவே திரும்புவதற்கு விட்ட இடைவெளி வருகிறது என்றால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, விரல்களைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தடத்துக்குள்ளேயே சற்று இடமும் வலமும் நகர்ந்து வந்தால், அசையும் விளக்கு கண்ணில் படும். 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முகப்பு விளக்கும் எரியும். அணைக்க வழி இல்லை. பகலில் எதற்கு விளக்கு என்று பலர் கேட்டார்கள். உங்களைப் பார்க்காதவர் பார்ப்பதற்குத்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பகலிலும் விளக்கைப் போடுங்கள். எதிரே வருகிறவர் விரல்களை மடக்கி விரித்து ‘லைட் எரியுது’ என்று காட்டுவார். நல்ல மனத்தோடு காட்டுகிறார். தலையசைத்துவிட்டு விளக்கை எரியவே விடுங்கள்.

லாரிக்கு வருவோம். நம் லாரியில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே. அவருக்கு இடப்பக்கம் முழுவதும் இருட்டு. கதவை ஒட்டி நீங்கள் நின்றால் அவருக்குத் தெரியாது. முன்பம்பருக்கு அடியில் நின்றாலும் தெரியாது. சிக்னலில் நாம் என்ன செய்கிறோம்? லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் வண்டியை நுழைத்துக்கொண்டு போய் நிற்கிறோம். பச்சை விழுந்ததும் அவர் இடப்புறம் திரும்புகிறார். முன்சக்கரம் விலகிப் போகிறது, நாம் தப்பினோம் என்று நினைக்கிறோம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நகரத்துச் சாலைகளில் எத்தனை குடும்பங்களின் விளக்கு அந்தப் பின்சக்கரத்தில் அணைந்திருக்கிறது! லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு நொடியும் தங்காதீர்கள். பின்னால் நில்லுங்கள், அல்லது வலப்பக்கமாக முழுதாகத் தாண்டிப் போங்கள்.

சரி, இருட்டிய பிறகு? மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை உள்ள நேரத்தில்தான் நம் நாட்டில் விபத்துகள் அதிகம் என்று அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம், உடல் அசந்த நேரம், வெளிச்சம் மங்கும் நேரம். அப்போது கதை தலைகீழாக மாறுகிறது. அவர் உங்களைப் பார்க்காதது ஒரு பக்கம், நீங்களும் பார்க்கவில்லை. பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர். பழுதாகி ஓரமாக நிற்கும் லாரி. சாலையின் நடுவே படுத்திருக்கும் மாடு. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையில் உளுந்தையும் கேழ்வரகையும் பரப்பிக் காயவைத்து, சுற்றிலும் கல் வைப்பார்கள். தானியத்தை மாலையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். உழவரின் கஷ்டம் எனக்குத் தெரியும், அவருக்குக் களம் கட்டிக்கொடுக்க வேண்டியது ஊரின் கடமை. ஆனால் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட ஒரு நிமிடம் போதும் ஐயா. இந்த அவையில் இருக்கும் உழவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டுகிறவருக்கும் ஒரு விதி சொல்கிறேன். உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் இரவில் உங்கள் வேகம். எதிர் விளக்கில் கண் கூசினால் அந்த விளக்கைப் பார்க்காமல் இடது ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

வேகம் என்ற பேச்சு வந்துவிட்டது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தம்பிகள் கேட்பார்கள். கணக்குப் போடுவோம். நாற்பதில் போகிறவர் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறார். அறுபதில் போகிறவர் ஏறத்தாழ 17 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். நாற்பதில் வந்தவர் மொத்தம் 20 மீட்டருக்குள் நின்றுவிடுவார். அறுபதில் வந்தவர்? அதே 20 மீட்டர் இடத்தைக் கடக்கும்போது அவர் வண்டி இன்னும் ஐம்பதுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் நின்ற இடத்தில் மற்றவர் ஐம்பதில் மோதுகிறார்! இவ்வளவுக்கும் அந்த ஒரு நொடி, செல்போனைப் பார்க்காதவருக்கான நொடி. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கழுத்தைச் சாய்த்து ஓட்டுகிறவருக்கு இரண்டு நொடியும் ஆகலாம்.

இப்போது பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. நாம் எப்படி வண்டி பழகினோம்? அண்ணன் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கினார். பிறகு ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டோம். லைசென்ஸ் வந்தது. ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளிலும் அப்படித்தான்: ஓட்டியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். எட்டுப் போடத் தெரிந்தால் மெதுவாகப் போகும்போது சமநிலை வரும். ஆபத்தில் நிறுத்த வருமா?

நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ‘முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்.’ அப்பா மகனுக்குச் சொல்கிறார், மகன் தம்பிக்குச் சொல்கிறார். அதனால் ஆபத்து வந்ததும் என்ன செய்கிறோம்? வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறோம். பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது, விழுகிறோம். ஹர்ட் குழு கண்டதும் இதுவே: பின் பிரேக்கை அளவுக்கு மேல் பிடித்தார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. மோதலைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு.

வண்டி வேகம் குறையும்போது எடையின் பெரும்பகுதி முன்பக்கம் சாய்கிறது. பிரேக் பிடித்ததும் பின்னால் உட்கார்ந்தவர் உங்கள் முதுகில் வந்து மோதுகிறாரே, அதே எடைதான். முன்டயர் சாலையில் அழுந்திப் பிடிக்கிறது, பின்டயர் லேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும் பங்கு முன் பிரேக்கிடம் இருக்கிறது. அதைத் திடுக்கென்று அழுத்தக் கூடாது, அவ்வளவே. முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்து அமர்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடவே பின் பிரேக்கும். வண்டி நேராக இருக்க வேண்டும். வளைவிலும் மணலிலும் முன் பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடித்தால் விழுவீர்கள், அந்த அளவில் பெரியவர்கள் சொன்னது சரி. அதனால்தான் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் கருவி அது. வேலை செய்யும்போது பிரேக் லீவர் கையில் அதிரும். பயந்து கையை எடுத்துவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிப் பிடித்துப் பழகுங்கள். பிறகு முப்பது. கைக்குப் பழக்கம் இருந்தால்தான் ஆபத்தில் கை தானாகப் போகும். யோசித்துச் செய்ய அந்த இரண்டு நொடி போதாது.

எல்லாம் செய்தும் விழுந்தால்? இங்கேதான் ஹெல்மெட் வருகிறது. அதன் பின்னால் இருக்கும் ஒரு மருத்துவரின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1935 மே மாதம். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், அரேபியப் போர்முனையில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் போகிறார். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்புகிறார். தூக்கி எறியப்படுகிறார். ஆறு நாள் நினைவே இல்லாமல் கிடந்து இறக்கிறார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. தலையில் அடிபட்டு வரும் மோட்டார் சைக்கிள்காரர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அவர் பார்த்தவர்களில் தலைக்கவசம் அணிந்து அடிபட்டவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் வண்டியில் தகவல் கொண்டுபோகும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வந்தது 1973-ல். கெய்ர்ன்ஸ் 1952-லேயே இறந்துவிட்டார். ஒரு மனிதர் கண்டுசொன்ன உண்மை சட்டமாக 32 ஆண்டுகள்!

நமக்குச் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. 2015 ஜூலை முதல் நாளிலிருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தமிழ்நாட்டில் தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஹெல்மெட் எங்கே இருக்கிறது? பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கிறது. முழங்கையில் தொங்குகிறது. போலீஸ் நிற்கும் முனைக்கு முன்னால் தலைக்கு ஏறி, தாண்டியதும் இறங்குகிறது. தலையில் இருந்தாலும் பட்டை மாட்டுவதில்லை. பட்டை மாட்டாத ஹெல்மெட் என்ன ஆகும்? நீங்கள் விழும் முன்பே அது கழன்று போய் எங்கோ விழும். தலை தனியாகத் தார்ச்சாலையில் மோதும்.

ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற ஒரு அடுக்கு இருக்கிறதே, உயிரைக் காப்பது அதுதான். மோதும்போது அது நசுங்குகிறது. அது நசுங்கும் அந்தச் சிறு நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது. மூளை மண்டையோட்டில் முட்டும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்கியது திரும்ப எழாது. ஆகவே ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். சாலையோரத்தில் விற்கும் தொப்பி போன்ற ஹெல்மெட்டில் அந்த அடுக்கே இருக்காது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முத்திரையைப் பாருங்கள். போட்டு, பட்டை மாட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது: ஹெல்மெட் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவுக்கும், சாவை 42 அளவுக்கும் குறைக்கிறது.

தாய்மார்களே, இனி உங்களிடம் பேச வேண்டும். 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் வருவது தெரியாது, கையில் பிடிமானம் குறைவு, ஒருபக்கமாக உட்கார்ந்தால் சமநிலையும் இல்லை. மடியில் குழந்தை, கையில் பை. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது விழுந்து தலையில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்! கணவர் ஹெல்மெட் போட்டிருப்பார், மனைவி தலையில் பூ வைத்திருப்பார். இந்தக் காட்சி என்னைக் கோபப்படுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு வீட்டில் ஒரு தலைக்கு மட்டும்தான் விலையா? முடிந்தவர்கள் இருபுறமும் கால் போட்டு உட்காருங்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் புடவைக் காப்பு சட்டப்படி இருக்க வேண்டியது. அழகு கெடுகிறது என்று தம்பி கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கும் விதி இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை ஏற்றினால், அதன் அளவுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தையை உட்கார வைத்து ஓட்டும் அப்பாக்களே, திடீரென்று பிரேக் பிடித்தால் உங்கள் நெஞ்சின் எடை முழுவதும் அந்தப் பிஞ்சின் முதுகில் இறங்கும்.

கடைசியாக, நீங்கள் விழாமல், வேறொருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால்? பலர் தயங்குகிறோம். போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்று அலைய வேண்டிவரும் என்ற அச்சம். 2019-ல் திருத்திய சட்டம் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கிடைக்கும். ஆகவே பணம் யார் கட்டுவது என்று நின்று யோசிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: கிலோமீட்டர் கல், பெட்ரோல் பங்க், கோவில், எது கண்ணில் படுகிறதோ அது. பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். அடிபட்டவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள், ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடித்துத் திணிக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு அசைவில் வாழ்நாள் முழுவதும் படுக்கையாகிவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் பேசிக்கொண்டிருங்கள்.